நாலு விளக்கு

எங்கள் கடை வரிசையில் அவனுக்கு ‘அடுத்தமாசம்’ என்று பெயர். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. போன் ரிப்பேர் கடை வைத்திருந்தான். “இந்த மாடலை வாங்கலாமா?” என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், கையிலிருக்கும் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிடுவான். “இப்பப் போய் எவனாவது வாங்குவானா? அடுத்த மாசம் புதுசு வருது. பொறுங்க” என்பான். அதே ஆள் அடுத்த மாதம் வந்து கேட்டாலும் அதே பதில்தான். விற்க உட்கார்ந்தவனே வாங்காதே என்று சொல்வது எங்களுக்கெல்லாம் வேடிக்கை. ஆனால் கூட்டம் என்னவோ அவன் கடையில்தான் நின்றது.

நான் பக்கத்துக் கடை. கடை என்று சொல்வது ஒரு பெருமைக்குத்தான். ஒரு தையல் மெஷின், ஒரு ஸ்டூல், சுவரில் ஆணி அடித்து மாட்டிய பைகள். ஜிப் போன பை, பிடி அறுந்த பெட்டி, சக்கரம் கழன்ற பெட்டி எல்லாம் என்னிடம் வரும். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு, அவ்வளவுதான். அவன் இருமினால் என் ஊசி ஆடும். தலைக்கு மேல் வரிசை முழுக்க ஒரே தகரக் கூரை. வெயில் காலத்தில் பத்து மணிக்கே அது காய ஆரம்பித்துவிடும். மத்தியானம் அதன் கீழே உட்கார்ந்திருப்பதற்கு வேறு யாராவது கூலி கொடுத்தால்தான் நியாயம்.

அவன் வியாபாரத்தில் ஒரு சூட்சுமம் இருந்தது. புதுசு வாங்காதே என்று சொன்னால், பழசை அதுவரை ஓட்ட வழியும் சொல்ல வேண்டுமே? அதற்காக பேட்டரி கேஸ் விற்றான். பார்க்கப் போனுக்குப் போடும் உறை மாதிரிதான் இருக்கும், முதுகில் மட்டும் ஒரு பேட்டரியைச் சுமந்துகொண்டிருக்கும். போனை அதற்குள் நுழைத்தால் அடியிலிருக்கும் முனை சார்ஜ் துளையில் போய் உட்கார்ந்துகொள்ளும். சாகப்போகிற போன்கூட இன்னும் ஒரு நாள் தாங்கும். பின்பக்கம் ஒரு பொத்தான். அழுத்தினால் கேஸில் எவ்வளவு மிச்சம் என்று சின்னச் சின்னதாக நாலு விளக்கு எரியும்.

விற்கும்போது ஒவ்வொருவரிடமும் ஒரு பாடம் நடத்துவான். தடுப்புக்கு இந்தப் பக்கம் கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம்.

“நாலு லைட் எரியுதேன்னு சந்தோஷப்படாதீங்க. அது கேஸோட லைட். போனுக்குப் போகுதா இல்லையான்னு அதுக்குத் தெரியாது. ஸ்க்ரீனைத் திருப்பிப் பாருங்க. அங்க சார்ஜ் ஏறணும்.”

அவனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டிருந்தது. வாரத்துக்கு மூன்று தடவை ஆஸ்பத்திரியில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருவான். வந்த அன்று ஆள் பிழிந்து போட்ட துணி மாதிரி இருப்பான். மறுநாள் கொஞ்சம் தெம்பு வரும், ஊர்க்கதையும் கூடவே வரும். அதற்கடுத்த நாள் கால் வீங்க ஆரம்பிக்கும்.

சாப்பாடு என்று அவன் மனைவி கட்டிக்கொடுப்பதைப் பார்த்தால் நமக்குத் தொண்டையில் இறங்காது. காயை இரண்டு தடவை வேகவைத்து, வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, உப்பில்லாமல் ஒரு டப்பாவில் அடைத்திருப்பாள். கூட ரொட்டி. அதைக்கூட மூக்கைப் பிடித்துக்கொண்டு தின்றுவிடலாம். தண்ணீர்தான் கொடுமை. உடம்பில் வெளியே போக வழியில்லாதபோது உள்ளே விடக்கூடாதாம். அந்த வெயிலில், அந்தத் தகரத்துக்குக் கீழே, ஒரு சின்ன பிளாஸ்க்கில் ஐஸ் துண்டுகளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வாயில் ஒதுக்கிக்கொள்வான். நான் தண்ணீர் குடித்தால் என் தொண்டைச் சத்தம் அவனுக்குக் கேட்கும். அதனால் பாட்டிலை எடுத்துக்கொண்டு வரிசைக் கோடி வரைக்கும் போய்க் குடித்துவிட்டு வருவேன். அவனுக்கும் அது தெரியும்.

“எங்கண்ணே, காலாற நடந்துட்டு வந்தீங்களா?” என்பான் சிரித்துக்கொண்டே.

“ஆமா தம்பி. உட்கார்ந்தே இருந்தா இடுப்பு பிடிச்சுக்குது.”

“பாட்டிலும் கூடவே நடந்துச்சு போல.”

அவன் மனைவிக்கு ஒரு ஹோட்டல் லாண்டரியில் வேலை. நாள் முழுக்க நீராவியில் படுக்கை விரிப்புகளை மடிப்பது. கை இரண்டும் எப்போதும் ஊறிச் சுருங்கி, சோப்பு வாசனையோடு இருக்கும். அதிகம் பேசமாட்டாள். வேலை முடிந்து நேராகக் கடைக்கு வருவாள், டப்பாவைத் திறந்து பார்ப்பாள், மிச்சம் வைத்திருந்தால் அவனை ஒரு பார்வை பார்ப்பாள். அந்தப் பார்வைக்கு அவன் பயப்படுவான்.

இறந்துபோகிறவர் யாரிடமிருந்தாவது ஒரு சிறுநீரகம் கிடைக்கும் என்று ஆஸ்பத்திரியில் பதிந்து வைத்திருந்தார்கள். வருஷக்கணக்காகக் காத்திருந்து, கடைசியில் அவனுடைய ரத்த வகையில் அவன்தான் முதல் ஆள் என்ற நிலைமை வந்திருந்தது. கூப்பிடுகிற பொறுப்பு அங்கே ஒரு அம்மாளுக்கு. அந்த அம்மாள் சொன்னதை அவன் மனைவி என்னிடம் அப்படியே ஒப்பித்திருக்கிறாள்.

“எப்ப வேணா கூப்பிடுவோம்னு சொன்னாங்கண்ணே. உடனே எடுக்கணும், உடனே கிளம்பி வந்துடணும். எடுக்கலைன்னா அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவோம், எங்களைக் கோவிச்சுக்காதீங்கன்னு சொன்னாங்க. அந்த உறுப்பு யாருக்காகவும் காத்துக்கிட்டிருக்காதாம்.”

இரண்டு நம்பர் கொடுத்திருந்தார்கள். அவனுடையது ஒன்று, அவளுடையது ஒன்று. லாண்டரியில் வேலை நேரத்தில் போன் லாக்கரில்தான் இருக்க வேண்டும், கையில் வைக்க விடமாட்டார்கள். அவள் சூப்பர்வைசரிடம் கெஞ்சிப் பார்த்தாள். ஒருத்திக்கு விட்டால் எல்லாரும் கேட்பார்கள் என்று சொல்லிவிட்டார். ஆகப் பகலில் அவன் போன்தான் எல்லாம். அது உயிரோடு இருந்தால் அவன் உயிரோடு இருப்பான். மிகைப்படுத்திச் சொல்லவில்லை, விஷயமே அவ்வளவுதான்.

எங்கள் வரிசையில் ஒரு பழக்கம் உண்டு. யாரும் சொல்லி வைத்ததில்லை, ஆனால் எல்லாரும் அப்படித்தான். கடையிலிருக்கும் நல்ல சாமானை எவனும் தன் வீட்டுக்கு எடுக்கமாட்டான். கண்ணாடிக்கடைக்காரர் ஒரு பக்கம் கம்பி கட்டிய கண்ணாடி போட்டிருப்பார். எனக்கு இரண்டு பைகள் உண்டு, இரண்டுக்கும் ஜிப் கிடையாது, ஊக்கு. அடுத்தமாசம் வீட்டிலும் அதே கதைதான். வாடிக்கையாளர் வேண்டாமென்று விட்டுப்போன போன், திருப்பிக் கொடுத்த கேஸ், கீறல் விழுந்த கண்ணாடி என்று சேர்த்துத்தான் அவர்கள் குடும்பமே பேசிக்கொண்டிருந்தது.

ஒரே ஒரு நல்ல போன் அவனிடம் இருந்தது. ஆஸ்பத்திரியில் பதிந்த பிறகு அவள் பிடிவாதம் பிடித்து வாங்க வைத்தது. அந்த வெயில் காலத்தில், புது மாடல் வரப்போகிறது என்ற பேச்சு உச்சத்துக்கு ஏறியபோது, அதை ஒரு வாடிக்கையாளருக்கு விற்றுவிட்டான்.

அன்றைக்கு அவள் கடையில் இருந்தாள். தடுப்பு வழியாக எல்லாம் கேட்டது.

“இந்த நேரத்துல எதுக்குங்க வித்தீங்க?”

“இந்த நேரத்துலதான் விக்கணும். புதுசு வந்துட்டா இதை யாரும் சீந்த மாட்டான். வரிசைல எல்லாரும் அவங்கவங்க போனைத் தள்ளிவிட்டுட்டாங்க. புதுசு வந்தவுடனே ஒண்ணு எடுத்துக்கலாம்.”

“அது வரைக்கும்?”

“சிம்மைப் பழைய போன்ல போட்டுட்டேன். பேட்டரி கொஞ்சம் சுமார்தான். கேஸ் போட்டுக்கிட்டா ஜம்முன்னு ஓடும்.”

“புது கேஸா?”

மேசையில் எதையோ தள்ளி வைக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்த கேஸ்களைப் பிரித்து, நன்றாக இருக்கிற பேட்டரிகளைச் சேர்த்து, டேப் சுற்றி அவனே ஒன்று கட்டியிருந்தான்.

“உங்களைத்தான் கேக்கறேன். புது கேஸா?”

“புதுசு மாதிரிதான். நான் கட்டினது. நான் கட்டினதுல என்னைக்காவது கம்ப்ளெயின்ட் வந்திருக்கா?”

“அவங்க கூப்பிட்டா எடுக்கணும். அவ்வளவுதான் எனக்கு.”

“எடுக்காம எங்க போகப்போறேன்? என் கண்ணு முன்னாடியேதானே கிடக்குது.”

அவள் டப்பாவை எடுத்துக்கொண்டு போனாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ‘அடேய், ஊரெல்லாம் புது போனுக்குக் காத்திருக்குது, நீ எதுக்குக் காத்திருக்கேன்னு ஞாபகம் இருக்கா?’ என்று கேட்க வேண்டும்போல இருந்தது. ஆனால் அந்த வரிசையில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பான். நல்ல விலைக்கு ஆள் வந்தால் போட்டிருக்கிற செருப்பையே கழற்றிக் கொடுக்கிற கூட்டம் நாங்கள்.

அதே வாரம் பேக்கரித் தம்பி வந்தான். ஆஸ்பத்திரியில் இவனுக்குப் பக்கத்துப் படுக்கை. இருபத்து சொச்சம் வயசு, கல்யாணம் ஆகவில்லை, அம்மாவும் அவனுமாக ஒரு பேக்கரி நடத்தினார்கள். இவனுக்கும் அவனுக்கும் ஒரே ரத்த வகை. நான்கு மணி நேரம் குழாயோடு படுத்துக் கிடக்கும்போது ஒருவரை ஒருவர் கிண்டல் செய்துகொண்டுதான் பொழுதைப் போக்குவார்களாம்.

“அண்ணே, என் போன் மத்தியானமே படுத்துடுது. புதுசு வாங்கிடவா, இல்ல அடுத்த மாசம் வரைக்கும் பொறுக்கவா?”

நான் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டேன். பொறு என்று சொல்லப்போகிறான் என்றுதான் நினைத்தேன்.

“பொறுக்கிறதெல்லாம் நல்லா இருக்கிறவனுக்குடா. உனக்கும் எனக்கும் போன் அணையக்கூடாது. இந்தா.” அலமாரியில் கண்ணாடித்தாள்கூடப் பிரிக்காமல் இருந்த கேஸ் ஒன்றை எடுத்து, தானே பிரித்து, போனை நுழைத்துக் கொடுத்தான். “தினமும் ஸ்க்ரீனைப் பாரு. லைட்டை நம்பாத. உங்க அம்மாகிட்டயும் சொல்லி வை.”

“நீங்க எதைப் போட்டிருக்கீங்கண்ணே?”

“எனக்கு ஸ்பெஷல்” என்று தன்னுடையதைத் தூக்கிக் காட்டினான். டேப் சுற்றிய, முதுகு பருத்த ஒரு சாமான். தம்பி விழுந்து விழுந்து சிரித்தான்.

அடுத்தமாசத்தின் விரல் நுனிகள் கொஞ்ச நாளாகவே மரத்துப் போயிருந்தன. “ஸ்க்ரூ கைல இருக்கா, கீழ விழுந்துடுச்சான்னே தெரியலண்ணே, கண்ணால பாத்தாத்தான் தெரியுது” என்பான். முன்பெல்லாம் போனைக் கையில் வாங்கியவுடனே, திறக்காமலே, பேட்டரி ஊதியிருக்கிறது என்று சொல்லிவிடுவான். அது போய்விட்டது என்று அவன் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு எப்படித் தெரியும் என்றால், தடுப்புக்கு அந்தப் பக்கம் ஸ்க்ரூ விழுகிற சத்தம் முன்னைவிட அதிகமாகக் கேட்டது.

அது நடந்த நாள் ஒரே கொதிப்பு. மழை வருவதற்கு முன்னால் காற்றே இல்லாமல் புழுங்குமே, அந்த மாதிரி. தகரம் சூட்டில் விரிந்து படபடவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. புது போனின் படம் என்று ஒன்று அன்று காலையில் எங்கிருந்தோ கசிந்து எல்லார் கைக்கும் வந்திருந்தது. அடுத்தமாசம் கடையில் நிற்க இடமில்லை. முந்தின நாள்தான் ஆஸ்பத்திரி போய்வந்திருந்தான், உடம்பில் தெம்பு இருந்தது. அவ்வளவு உற்சாகமாக அவனை நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

“பொத்தானே இல்லையாமே?”

“இல்ல. தடவினா போதுமாம்.”

“மூணு நாள் சார்ஜ் நிக்குதாம், நிஜமா?”

“நின்னா என் கேஸை எவன் வாங்குவான்? எனக்கு வயித்துல அடிக்கிறதுக்குன்னே வருதுய்யா அது.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவனுடைய போன் மேசையில், மின்விசிறிக்குக் கீழே, குப்புறக் கிடந்தது. திரையை எரியவிட்டால் சார்ஜ் வீணாகும் என்று எப்போதும் குப்புறத்தான் வைப்பான். நடுநடுவே கையை நீட்டிப் பொத்தானை அழுத்துவான். நாலு விளக்கும் எரியும். பேச்சைத் தொடர்வான். காலையில் நாலு. பதினோரு மணிக்கும் நாலு. குறையாமல் இருப்பதே கோளாறு என்று அந்தப் பேச்சு மும்முரத்தில் அவனுக்கு உறைக்கவில்லை.

மத்தியானம் ஒரு கூக்குரல் கேட்டது. வரிசைக் கோடியிலிருந்து அவன் மனைவி ஓடிவந்துகொண்டிருந்தாள். லாண்டரி உடுப்பு, ரப்பர் செருப்பு, தலையில் கட்டிய துணி அவிழ்ந்து தோளில் கிடந்தது. கூட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளினாள்.

“போனை ஏன் அணைச்சு வச்சீங்க?”

“அணைக்கலையே.”

“எத்தனை தடவை கூப்பிட்டாங்க தெரியுமா? எனக்கும் கூப்பிட்டிருக்காங்க. டீ குடிக்க விட்டப்பதான் லாக்கரைத் திறந்து பாத்தேன். கிடைச்சிருக்குதாம். உங்களுக்குத்தானாம். இப்பவே வந்தா ஆகும்னு சொன்னாங்க. எந்திரிங்க!”

அவன் போனை எடுத்துத் திருப்பினான். திரை கருப்பு. அழுத்தினான். கருப்பு. கேஸைத் திருப்பிப் பொத்தானை அழுத்தினான். நாலு விளக்கும் பளிச்சென்று எரிந்தன.

கூட்டம் வழிவிட்டது. அவனால் ஓட முடியாது. நான் கடையை அப்படியே விட்டுவிட்டு அவனை ஒரு பக்கம் தாங்கிக்கொண்டேன். அவள் முன்னால் ஓடி ஒரு டாக்சியை மறித்தாள். என் நம்பர் அவளிடம் இல்லை. பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு நம்பர் எதற்கு என்று நாங்கள் யாருமே நினைத்துப் பார்த்ததில்லை. இல்லாவிட்டால் அவள் லாண்டரியிலிருந்தே கூப்பிட்டிருப்பாள். அவ்வளவு தூரம் ஓடிவந்த நேரமாவது மிஞ்சியிருக்கும்.

டாக்சியில் நான் முன்னால், அவர்கள் இருவரும் பின்னால். பாலத்தில் வண்டிகள் நின்றுவிட்டன. ஏதோ லாரி பழுதாம். ஹாரன் அடிப்பதைத் தவிர டிரைவரால் எதுவும் செய்ய முடியவில்லை. இறங்கி நடக்கலாமா என்றால், அவன் பாலம் முடிவதற்குள் விழுந்துவிடுவான்.

அவன் கேஸிலிருந்து போனை இழுத்துக்கொண்டிருந்தான். வரவில்லை. “அண்ணே, இதைக் கொஞ்சம் பாருங்க” என்று முன்னால் நீட்டினான். கை வைத்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. டேப்புக்குள் பேட்டரி உப்பி, பன் மாதிரி மெத்தென்று இருந்தது. அது ஊதின ஊதலில் போன் மேலே தூக்கிக்கொண்டு, அடியிலிருந்த முனை துளையை விட்டு விலகி நின்றது. நூல் நுழைகிற இடைவெளிதான். அந்த இடைவெளியில் போன் காலையிலிருந்து பட்டினி கிடந்து செத்திருக்கிறது.

“ஊதியிருக்குதா?” என்று கேட்டான்.

“ஆமா தம்பி.”

“எனக்குத் தெரியல. தினமும் கைல வச்சிருந்தேன். எனக்குத் தெரியவே இல்லண்ணே.”

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே பேசினாள். அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை, அன்றும் உயரவில்லை.

“ஊருக்கெல்லாம் சொன்னீங்க. லைட்டைப் பாக்காத, லைட்டைப் பாக்காதன்னு.”

“சொன்னேன்.”

“ஒரு தடவை திருப்பிப் பாத்திருக்கலாம். ஒரே ஒரு தடவை.”

“பாத்திருக்கலாம்.”

“நான் அந்த நீராவில நின்னுக்கிட்டு ஒவ்வொரு விரிப்பா மடிக்கும்போதும் இதைத்தான் நினைச்சுக்கிட்டு நிப்பேன். இப்ப அடிக்குதோ, இப்ப அடிக்குதோன்னு. பரவால்ல, அவர்கிட்ட இருக்குது, அவர் போன்காரர், அவர் போன் அணையாதுன்னு எனக்கு நானே சொல்லிக்குவேன்.”

டிரைவரின் கண்ணாடியில் அவன் முகம் எனக்குத் தெரிந்தது. நான் பார்வையை மாற்றிக்கொண்டேன். அந்த முகத்தைப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை.

வண்டி நகர ஆரம்பித்தபோது அவள் போன் அடித்தது. காதில் வைத்துக்கொண்டு, “பாலத்துலதான் இருக்கோம்மா, இதோ இறங்கிட்டோம்மா, அஞ்சு நிமிஷம்மா” என்றாள். பிறகு வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தாள். “சரிம்மா” என்றாள். “இல்லம்மா, உங்க மேல என்ன கோவம்.” போனை மடியில் வைத்தாள்.

“அடுத்த ஆளை உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்களாம்.”

டிரைவர் கண்ணாடி வழியாகப் பார்த்தார். “வண்டியைத் திருப்பட்டுமா?” என்று கேட்டார் மெதுவாக.

“வேணாம். போங்க” என்றாள் அவள். “அவங்க ஏதாவது மாத்திச் சொல்லலாம். உடம்புக்கு ஒத்துக்கலைன்னு சொல்லலாம். போங்க.”

அடுத்தவனுக்கு ஒத்துக்கொள்ளக்கூடாது என்று ஒரு நல்ல பெண் வேண்டிக்கொண்டு போனாள். நானும்தான் வேண்டிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி, அவனைக் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு மாடிக்குப் போனோம். அறுவை சிகிச்சைப் பகுதிக்கு வெளியே பெஞ்சில் ஒரு அம்மாள் தனியாக உட்கார்ந்திருந்தாள். முழங்கை வரைக்கும் மாவு காய்ந்திருந்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்து ஓடிவந்தாள். பேக்கரித் தம்பியின் அம்மா.

“தம்பி! உங்களுக்கு யாரு சொன்னா? அவனே போன் பண்ணிட்டானா?” என்று அவனுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். “கிடைச்சிடுச்சுப்பா. உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க. ரத்தம் ஒத்துப்போச்சுன்னு இப்பதான் வந்து சொன்னாங்க.”

அவன் சுவரில் சாய்ந்துகொண்டான்.

“நீங்கதான்பா காரணம். காலைலேருந்து எங்க பக்கம் கரன்ட் இல்ல. அவன் போன் என்னைக்கோ செத்திருக்கும். நீங்க போட்டுக் கொடுத்தீங்களே, இது மட்டும் இல்லைன்னா...” மடியிலிருந்து மகனுடைய போனை எடுத்தாள். அந்தப் புது கேஸ். பழக்கமில்லாத விரலால் பின்பக்கப் பொத்தானை அழுத்திக் காட்டினாள். ஒரே ஒரு விளக்கு எரிந்தது. மிச்சத்தை எல்லாம் அது போனுக்குக் கொடுத்திருந்தது.

இந்த அம்மாளிடம் யாராவது சொல்லிவிடப்போகிறார்களே என்று எனக்குப் பயமாகவும் இருந்தது, சொல்லாமல் நிற்கிறார்களே என்று ஆத்திரமாகவும் இருந்தது. அவன் மனைவியைப் பார்த்தேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு அந்த ஒற்றை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நல்லபடியா வருவான்மா” என்றான் அவன் கடைசியில். “போனைச் சார்ஜ்ல போடுங்க. ஒண்ணுதான் எரியுது பாருங்க. டாக்டருங்க உங்களைக் கூப்பிடுவாங்க.”

“எப்படிப் போடுறதுன்னு தெரியலையே.”

“கொடுங்க” என்று வாங்கினாள் அவன் மனைவி. சுவரில் பிளக் இருக்கும் இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, நர்ஸ் மேசையில் ஒயர் கேட்டு வாங்கி மாட்டினாள். மாட்டிவிட்டுத் திருப்பி, திரையில் சார்ஜ் ஏறுகிறதா என்று பார்த்தாள். ஏறியது. அந்த அம்மாளிடம், “பக்கத்துலயே உட்காருங்க, எழுந்து போகாதீங்க” என்றாள். பிறகு அவன் கையைப் பிடித்துக்கொண்டு மாடிப்படியை நோக்கி நடந்தாள். முதல் வளைவு வரைக்கும் தாங்கினாள். அங்கே படியில் உட்கார்ந்து அழுதாள். அவன் அவள் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றான். அந்த விரல்களுக்கு அவள் முடி தெரிந்திருக்காது.

அடுத்த வாரம் அவள் லாண்டரி வேலையை விட்டுவிட்டாள். காலையில் அவனோடு கடைக்கு வருவாள், மூடுகிற வரை இருப்பாள். தன் போனில் அவனுடைய சிம்மையும் போட்டுக்கொண்டாள். கேஸ் கிடையாது. சுவரிலிருந்து ஒயர் இழுத்து, போனை மல்லாக்க வைத்து, அதன் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருப்பாள். பட்டியலில் அவன் பெயர் இன்னும் முதலில்தான் இருந்தது. ஆனால் உடம்பு அவனுக்காக நிற்கவில்லை. மழை பிடித்த பிறகு மூச்சு வாங்க ஆரம்பித்தது, முகமும் வீங்கியது. உள்ளே பெஞ்சில் படுத்துக்கொண்டு, எந்த ஸ்க்ரூ எங்கே போகும் என்று அவன் சொல்ல, அவள் மாட்டுவாள். அவள் விரல்கள் சீக்கிரமே கற்றுக்கொண்டன.

வாடிக்கையாளர்கள் வருவது நிற்கவில்லை. “புதுசு எப்பண்ணே வருது?” என்று எட்டிப்பார்த்துக் கேட்பார்கள்.

“தெரியாதுப்பா” என்பான். அவ்வளவுதான். அவனை இப்போது யாரும் அடுத்தமாசம் என்று கூப்பிடுவதில்லை. வேறு பெயர் எங்களுக்குத் தெரியாததால் ஒன்றும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பேக்கரித் தம்பி தேறி வந்து, ஒரு பெட்டி கேக்கோடு கடை வாசலில் ஒரு நாள் நின்றான். யாரோ அவனிடம் சொல்லிவிட்டிருந்தார்கள். பெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டு, உள்ளே போகாமலே திரும்பிவிட்டான்.

ஒரு மத்தியானம் நல்ல மழை. தகரத்தில் கொட்டுகிற சத்தத்தில் பக்கத்தில் பேசுவது கேட்காது. அந்தச் சத்தத்தையும் மீறி அவள் போன் அடித்தது.

நான் ஊசியை நிறுத்தினேன். எதிர்க்கடைக் கண்ணாடிக்காரர் எழுந்து நின்றுவிட்டார். தடுப்பைச் சுற்றி நான் போய்ப் பார்த்தபோது அவள் போனைக் காதில் அழுத்தி, இன்னொரு காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டிருந்தாள். அவன் பெஞ்சில் எழுந்து உட்கார முயன்றுகொண்டிருந்தான். அரைகுறையாக எழுந்து, ஒரு கையை ஊன்றி, கால் ஏற்கெனவே செருப்பைத் தேடியது.

அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தாள். நடுவில் வைத்துவிடவில்லை, கடைசி வரைக்கும் கேட்டாள். பிறகு போனை மெதுவாக, மல்லாக்க, மேசையில் வைத்து, ஒயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள்.

“யாரு?” என்றான் அவன்.

“யாரும் இல்ல. ஏதோ பதிவு பண்ணின குரல்.”

“என்ன சொன்னாங்க?”

“புது போன் வந்துடுச்சாம்.”

அவன் கால் செருப்பிலிருந்து வெளியே வந்தது. நான் தோளைப் பிடித்து அவனை மறுபடியும் படுக்க வைத்தேன்.